மீஷோ, அமேசானில் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு: ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது

ஈரோட்டில் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பெட்ஷீட், துண்டு, நைட்டி என்று துணி விற்பவர்கள். மீதிப் பேர் மசாலாப் பொடி, மணி மாலை, பொம்மை, பழைய பாத்திரம் என்று எதையாவது ஆன்லைனில் போட்டு விற்கிறவர்கள். யார் வந்தாலும் முதலில் எடுத்து நீட்டுவது பாஸ்புக்கைத்தான். "அண்ணா, வருஷம் முழுக்க அக்கவுன்ட்ல வந்ததே இவ்வளவுதாங்க, இதுக்கு எதுக்கு வரி?" என்பார்கள்.

நான் அந்த பாஸ்புக்கை வாங்குவதில்லை. உங்கள் கணக்கில் வந்து விழும் தொகை உங்கள் விற்பனை அல்ல. கமிஷன், கூரியர் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி, தளமே முன்கூட்டி வரியாகப் பிடித்துக்கொள்ளும் டிசிஎஸ், டிடிஎஸ் எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியதுதான் அங்கே வருகிறது. வாடிக்கையாளர் கொடுத்த முழு விலைதான் விற்பனை. நீங்கள் விற்கும் தளம் அந்த முழு விலையை உங்கள் பான் எண்ணோடு சேர்த்து ஜிஎஸ்டி துறைக்கும் வருமான வரித்துறைக்கும் தானாகவே தெரிவித்துவிடுகிறது. அங்கே ஒரு எண், உங்கள் ரிட்டர்னில் வேறு ஒரு எண் என்றால் நோட்டீஸ் வரும். அதனால் எந்தக் கணக்கானாலும் முழு விற்பனையிலிருந்து தொடங்குங்கள். கீழே சொல்லப்போவது எல்லாமே அதை ஒட்டித்தான்.

ஜிஎஸ்டி எண் வேண்டுமா, வேண்டாமா?

"40 லட்சம் வரைக்கும் வேண்டாம்தானே?" என்று கேட்காதவர் இல்லை. பாதி சரி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஒரு நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் அது உள்ளூரில் கடை போட்டிருப்பவருக்குச் சொன்ன கணக்கு. ஆன்லைனில் விற்பவர் வரம்பைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, பொருள் எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதை.

வெளிமாநிலத்துக்கு ஒரே ஒரு பொருளை விற்றாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்தான். அமேசானில் விற்றாலும், இன்ஸ்டாகிராமில் படம் போட்டு ஜிபேயில் பணம் வாங்கி கூரியர் அனுப்பினாலும் அதே விதிதான். விழுப்புரத்தில் இருப்பவர் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பினாலும் சட்டப்படி அது வெளிமாநில விற்பனை. வாட்ஸ்அப் குழுவில் விற்கும் அக்காமார்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். ஆனால் விதி அப்படித்தான்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிறீர்கள் என்றால் நிலைமை இப்போது எளிது. 2023 அக்டோபர் 1-க்கு முன்னால் அமேசான், மீஷோ மாதிரியான தளங்களில் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும் என்று இருந்தது. அந்தத் தேதியிலிருந்து வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி எண் இல்லாமலே தளங்களில் விற்கலாம். நிபந்தனைகள் உண்டு: பொருள் உங்கள் மாநிலத்துக்கு வெளியே போகக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலத்திலிருந்து விற்கக்கூடாது. பான் எண் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி போர்ட்டலில், பதிவில்லாத விற்பனையாளர்களுக்கென்றே இருக்கும் விண்ணப்பத்தில் பான், முகவரி, மாநிலம் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் எல்லோரும் என்ரோல்மென்ட் ஐடி என்பது அதுதான். அது கையில் வந்த பிறகுதான் முதல் பொருளை விற்க வேண்டும். இது ஜிஎஸ்டி எண் அல்ல. மாதாமாதம் ரிட்டர்ன் கிடையாது, வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. இப்படி விற்பவர்களிடம் தளம் டிசிஎஸ்ஸும் பிடிக்காது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல வழி என்பது என் எண்ணம். சரக்கு ஓடுகிறதா என்று கொஞ்ச நாள் தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டு, வெளிமாநிலத்திலிருந்து கேட்க ஆரம்பித்ததும் பதிவு எடுக்கலாம். ஆனால் தளத்தின் கமிஷனுக்கும் கூரியருக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுவார்கள். பதிவில்லாதவருக்கு அது திரும்பக் கிடைக்காது. விலை வைக்கும்போதே அதையும் செலவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். மொத்த விற்றுமுதல் என்பது ஒரு பான் எண்ணின் கீழ் நடக்கும் எல்லா வியாபாரத்தையும் சேர்த்துத்தான். கடையில் நேரில் விற்பது, மீஷோவில் விற்பது, அமேசானில் விற்பது எல்லாம் ஒரே கூடையில் விழும். அப்புறம் 40 லட்சம் என்பது பொருள் மட்டும் விற்பவருக்கு. சேலை விற்பதோடு பிளவுஸ் தைத்துக் கொடுத்து கூலியும் வாங்குகிறீர்கள் என்றால், தைப்பது சேவை. அப்போது உங்கள் வரம்பு 20 லட்சம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பொருளுக்குமே 20 லட்சம்தான்.

வரியே இல்லாத பொருள் மட்டும், உதாரணமாக அச்சிட்ட புத்தகம் மட்டும், விற்பவருக்குப் பதிவு தேவையில்லை.

பதிவு எடுக்கும்போது தடுக்குவது முகவரியில்தான்

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், போட்டோ, வியாபாரம் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் இவ்வளவும் இருந்தால் போதும். வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவு கிடைத்து 30 நாளுக்குள், அல்லது விற்பனை விவரத்தைக் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ஐ முதன்முதலில் போடுவதற்குள், எது முன்னால் வருகிறதோ அதற்குள் ஏற்றிவிட வேண்டும்.

விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் முகவரி ஆதாரத்தில். வீட்டிலிருந்தே விற்பவர்களுக்கு ஈபி பில் அப்பா பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். அப்படி இருந்தால் ஈபி பில்லோடு, அல்லது வீட்டு வரி ரசீதோடு, அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தமும், வீட்டுக்காரர் பெயரில் உள்ள ரசீதும் வேண்டும். ஈபி பில்லில் பழைய கதவு எண், விண்ணப்பத்தில் புதிய கதவு எண் என்று இருந்தால் விளக்கம் கேட்டு ஆர்இஜி-03 என்ற நோட்டீஸ் வரும். வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் 7 வேலை நாளுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். என்னிடம் வருகிறவர்களிடம் இரண்டு எண்ணையும் விண்ணப்பத்திலேயே போடச் சொல்கிறேன், "புதிய எண் 14, பழைய எண் 7" என்கிற மாதிரி. அதோடு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மச்சான் பெயரில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணில் விற்பது, காசு கொடுத்து யாரோ ஒருவரின் எண்ணை வாங்கிப் போட்டுக்கொள்வது இரண்டையும் செய்யாதீர்கள். விற்பனை முழுக்க அவர் பான் எண்ணில் போய் நிற்கும். வரி, வட்டி, நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும். உறவுகள் முறிந்துபோனதை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன்.

தளத்தின் கிடங்கில் சரக்கு வைத்து விற்கும் வசதி இருக்கிறதல்லவா, அதைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டும். கிடங்கு தமிழ்நாட்டில் இருந்தால் அதை உங்கள் பதிவில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்க வேண்டும். கர்நாடகாவில் இருந்தால் கர்நாடகாவில் தனியாக ஒரு ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். இரண்டு பதிவு என்றால் இரண்டு ரிட்டர்ன். விற்பனை பெரிதாகும் வரை வீட்டிலிருந்தே பார்சல் போடுவது நிம்மதி.

ஒரு பெட்ஷீட்டின் கணக்கு

ஜிஎஸ்டி பதிவு உள்ள ஒருவர் ஒரு பெட்ஷீட்டை 630 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,500 ரூபாய் வரை உள்ள பெட்ஷீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த 630-க்குள் வரி அடங்கியிருக்கிறது: பொருளின் மதிப்பு 600, வரி 30. வாங்கியவர் கொச்சியில் இருக்கிறார், அதனால் அந்த 30-ம் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரி. தமிழ்நாட்டிலேயே வாங்கியிருந்தால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 15, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 15 என்று பிரியும்.

தளம் கமிஷன், கூரியர் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் எடுக்கிறது. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 10 ரூபாய் 80 பைசா. அடுத்து டிசிஎஸ். தளம் ஜிஎஸ்டி சட்டப்படி உங்கள் விற்பனை மதிப்பில் அரை சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுகிறது. 2024 ஜூலை 10-க்கு முன்னால் இது 1 சதவீதமாக இருந்தது, இப்போது 0.5. 600-க்கு 3 ரூபாய். அடுத்தது டிடிஎஸ், இது வருமான வரிக்காக. 0.1 சதவீதம், அதாவது 60 பைசா. இதுவும் 2024 அக்டோபர் 1-க்கு முன்னால் 1 சதவீதமாக இருந்தது.

630-லிருந்து 70.80, 3, 0.60 மூன்றையும் கழித்தால் வங்கிக்கு வருவது 555 ரூபாய் 60 பைசா. பாஸ்புக்கில் இருப்பது இதுதான். ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்ட வேண்டிய விற்பனையோ 600, வரி 30. 555.60-ஐ விற்பனை என்று எடுத்துக்கொண்டு அதற்கு 5 சதவீதம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தளம் 600 என்று சொல்லியிருக்கும், நீங்கள் குறைத்துச் சொன்னதாகத்தான் துறைக்குத் தெரியும்.

இப்போது 30 ரூபாயை முழுதாகக் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். அந்தப் பெட்ஷீட்டை நெசவாளரிடமோ மொத்தக் கடையிலோ 340 ரூபாய்க்கு வாங்கி, 5 சதவீதம் ஜிஎஸ்டி 17 ரூபாய் சேர்த்து பில் வாங்கியிருந்தால், அந்த 17 உங்கள் வரவு, அதாவது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். தளம் கட்டணத்தின் மேல் போட்ட 10.80-ம் உங்கள் வரவு. 30-லிருந்து 27.80 போக, கட்ட வேண்டியது 2 ரூபாய் 20 பைசா. டிசிஎஸ்ஸாகப் பிடித்த 3 ரூபாய் ஏற்கெனவே உங்கள் பெயரில் அரசிடம் கிடக்கிறது. அதிலேயே இந்த 2.20 அடங்கிவிடும்.

அந்த 17 ரூபாய் கிடைப்பது பில் இருந்தால் மட்டும்தான். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மொத்த வியாபாரியிடம் கொஞ்சம் விலை குறையலாம். ஆனால் அவரிடம் வாங்கினால் விற்பனைக்கான முழு வரியும் உங்கள் கையிலிருந்து போகும். ஜிஎஸ்டி எண் எடுத்துவிட்டவர் ஜிஎஸ்டி பில் தருபவரிடம் மட்டும் வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தளத்தின் விற்பனையாளர் பக்கத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏறியிருந்தால்தான் கமிஷன் பில் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்து உட்காரும். 2பி என்பது உங்களுக்கு விற்றவர்கள் எல்லோரும் காட்டிய வரவின் பட்டியல், 14-ஆம் தேதி வரும். அதில் இல்லாத வரவை எடுக்க முடியாது.

ரிட்டர்ன் போடும் வழக்கம்

வருட விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் கியூஆர்எம்பி என்கிற காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு விற்பனையாளர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். காலாண்டு முடிந்ததும் 13-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டில் 22-ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. இடையில் வரும் முதல் இரண்டு மாதத்துக்கும் அடுத்த மாதம் 25-க்குள் வரியை மட்டும் செலானில் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி கணக்கில் போதிய இருப்பு இருந்தால் அதுவும் வேண்டாம். மாத முறையில் இருப்பவர்களுக்கு 11-ம் 20-ம்.

தேதி வருவதற்கு முன்னாலேயே தளத்திலிருந்து இரண்டு கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வரி அறிக்கை: ஒவ்வொரு ஆர்டரும் எந்த மாநிலத்துக்குப் போனது, எவ்வளவு மதிப்பு, எவ்வளவு வரி என்று இருக்கும். இன்னொன்று பேமென்ட் அறிக்கை: எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று. ரிட்டர்ன் போடுவது முதல் கோப்பை வைத்து. இரண்டாவது, பிடித்தம் சரியா என்று சரிபார்க்க. பல தளங்களில் விற்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் போட்டு, அதற்குள் மாதவாரியாக வையுங்கள்.

ஜிஎஸ்டிஆர்-1-இல் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றதை மாநிலவாரியாகக் கூட்டி ஏழாம் அட்டவணையில் போட வேண்டும். யாராவது ஒரு நிறுவனம் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கியிருந்தால் அந்த பில்லைத் தனியாக, அவர் எண்ணோடு, நான்காம் அட்டவணையில் போட வேண்டும். ஹோட்டல்காரர்கள் மொத்தமாகத் துண்டு வாங்கும்போது இப்படி அடிக்கடி வரும். இதை ஏழில் கலந்துவிட்டால் அவருக்கு வரவு கிடைக்காது. போன் வரும், சண்டை வரும். பன்னிரண்டில் பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீடு, விற்றுமுதல் 5 கோடி வரை 4 இலக்கம் போதும், பெட்ஷீட் என்றால் 6302. பதினான்கில் எந்தத் தளத்தின் வழியாக எவ்வளவு விற்றீர்கள் என்று தளத்தின் ஜிஎஸ்டி எண்ணோடு காட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து வந்த அட்டவணை இது. பழைய பழக்கத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். தளம் சொன்ன எண்ணையும் நீங்கள் சொன்ன எண்ணையும் ஒப்பிட அதுதான் நேர் வழி, அதை விடாதீர்கள்.

திரும்பி வந்த சரக்கு துணி வியாபாரத்தில் ஒரு பெரிய தலைவலி. கேஷ் ஆன் டெலிவரியில் போனது கதவு வரை போய்த் திரும்பும். அதே மாதத்தில் திரும்பியதை அந்த மாத விற்பனையிலேயே கழித்துக்கொள்ளலாம். மார்ச்சில் விற்று ஏப்ரலில் திரும்பினால் மார்ச் கணக்கைத் தொட வேண்டாம். ஏப்ரல் கணக்கில் கழியுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் முந்தைய வருட விற்பனைக்கு இப்படிக் கழித்து வரியைக் குறைக்க முடியும்.

டிசிஎஸ் தானாக வந்து சேராது. தளம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தன் கணக்கைக் கொடுக்கும். அதன் பிறகு நீங்கள் போர்ட்டலில் நுழைந்து, டிடிஎஸ், டிசிஎஸ் வரவு என்று இருக்கும் படிவத்தைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டு, கையொப்பமிட்டு அனுப்பினால்தான் அந்தப் பணம் உங்கள் மின்னணு ரொக்கக் கணக்கில் ஏறும். வருடம் 18 லட்சத்துக்கு விற்பவருக்கு இது 9,000 ரூபாய். இந்தப் படிவத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் அவ்வளவு பேர்! புதிதாக ஒருவர் வந்தால் நான் முதலில் திறப்பது இதைத்தான்.

ஒரு மாதம் விற்பனையே இல்லை என்றாலும் ரிட்டர்ன் உண்டு. நில் ரிட்டர்னை எஸ்எம்எஸ் வழியாகவே போடலாம். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், நில் என்றால் 20 ரூபாய். 1.5 கோடிக்குள் விற்பவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 2,000, நில்லுக்கு 500. வரியைத் தாமதமாகக் கட்டினால் வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. 2 கோடிக்குள் விற்பவர்களுக்கு வருடாந்திர ரிட்டர்ன் விலக்கு இருக்கிறது.

வரி விகிதத்தை ஒருமுறை சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீதங்கள் ஏறக்குறைய மறைந்து, பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் வந்துவிட்டன. தைத்த உடை 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. முன்பு அந்தக் கோடு 1,000 ரூபாயில் இருந்தது. தளத்தில் பழைய விகிதத்தையே விட்டு வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கம்போசிஷன் திட்டத்தையும் கேட்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து அதில் இருப்பவர்களும் தளங்களில் பொருள் விற்கலாம், ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். விற்றுமுதலில் 1 சதவீதம் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது, வாங்கிய பொருளுக்கு வரவும் இல்லை. கடை வியாபாரம் பெரிதாகவும் ஆன்லைன் சிறிதாகவும் இருப்பவருக்குச் சரி. மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

வருமான வரி

ஜிஎஸ்டி வேண்டாம் என்று முடிவானவருக்கும் இது உண்டு. இரண்டும் வேறு வேறு சட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆட்களும் ஆடிட்டர்களும் இன்னும் 194-ஓ, 44ஏடி என்று பழைய எண்களைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

194-ஓ என்பது மேலே பார்த்த 60 பைசா டிடிஎஸ். ஒரு தனிநபர் அந்தத் தளத்தில் வருடம் 5 லட்சம் வரை விற்று, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் பிடிக்க மாட்டார்கள். அதையும் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போய்விடும். கமிஷன் கழித்த தொகைக்கு அல்ல, முழு விற்பனைக்கும் பிடிக்கிறார்கள்.

44ஏடி சிறு வியாபாரிக்காகவே இருக்கும் வசதி. விற்றுமுதல் 2 கோடி வரை இருப்பவர், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, விரிவான கணக்குப் புத்தகம் வைக்காமலே ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். கேஷ் ஆன் டெலிவரியில் வாடிக்கையாளர் ரொக்கமாகக் கொடுத்தாலும் தளம் உங்களுக்கு வங்கியில்தான் அனுப்புகிறது, அதனால் உங்களுக்கு 6.

இந்த 6 சதவீதத்தை வங்கியில் வந்த தொகைக்குப் போடக்கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 18 லட்சத்துக்கு விற்றிருந்தால் 1,08,000 ரூபாய். வங்கியில் 15 லட்சம்தான் வந்திருந்தாலும் கணக்கு 18 லட்சத்துக்குத்தான். அப்புறம், 6 என்பது குறைந்தபட்சம். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். பலரும் 6-ஐ இலவச அனுமதி மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி பார்ப்பதும் அதே எண்ணைத்தான். உண்மையைக் காட்டியவருக்குக் கடன் கிடைக்கிறது, அதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஒருமுறை 44ஏடிக்குள் வந்துவிட்டு அடுத்த ஐந்து வருடத்துக்குள் வெளியேறினால், அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு அந்த வசதி கிடையாது. இதற்கான ரிட்டர்ன் ஐடிஆர்-4. முன்கூட்டிக் கட்டும் வரி ஏதாவது இருந்தால் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம்.

பெரும்பாலான சிறு விற்பனையாளர்களுக்குக் கடைசியில் கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகத்தான் இருக்கும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. ஆனால் வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் இல்லை என்பதும் ஒன்றல்ல. மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும். வியாபார விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டினாலும், பிடித்த டிடிஎஸ் 25,000 ரூபாயைத் தொட்டாலும் அப்படியே. இதில் எதுவும் இல்லாவிட்டாலும், 18 லட்சம் விற்றவரிடம் 1,800 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்ப வரும்.

போடுவதற்கு முன்னால் வருமான வரி போர்ட்டலில் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். தளங்கள் உங்கள் பெயரில் சொன்ன விற்பனை அதில் இருக்கும், ஜிஎஸ்டி ரிட்டர்னில் நீங்கள் சொன்ன விற்றுமுதலும் இருக்கும். ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: தளத்தின் வரி அறிக்கை, ஜிஎஸ்டி, ஏஐஎஸ். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். திரும்பிய சரக்கு, ஜிஎஸ்டி சேர்த்தது சேர்க்காதது, மார்ச் கடைசியில் போட்ட ஆர்டர் ஏப்ரலில் போனது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நோட்டீஸ் வந்தால் அந்தத் தாள்தான் உங்கள் பதில்.

வீட்டில் பயன்படுத்திய பழைய சைக்கிள், மிக்ஸி, போனை விற்றதற்கு இதெல்லாம் வேண்டாம். அது வியாபாரமும் அல்ல, வருமானமும் அல்ல. நகை, ஓவியம், சிற்பம் போன்றவை விதிவிலக்கு, அவற்றை விற்றால் மூலதன ஆதாயக் கணக்கு வரும். பழைய பொருளை ஊரெல்லாம் வாங்கிச் சேர்த்து விற்கிறவர் வியாபாரிதான்.

நிறுத்தும்போது

ஆன்லைன் வியாபாரத்தை ஆரம்பிப்பதும் விடுவதும் சுலபம், ஜிஎஸ்டி எண்ணை அப்படி விட முடியாது. விற்பனை நின்றாலும் ரிட்டர்ன் கடமை ஓடிக்கொண்டேதான் இருக்கும். தாமதக் கட்டணம் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ஏறும். நிறுத்துவது என்று முடிவெடுத்தால் நிலுவையில் உள்ள ரிட்டர்னை எல்லாம் போட்டுவிட்டு ஆர்இஜி-16 படிவத்தில் ரத்துக்கு விண்ணப்பியுங்கள். கையில் மிச்சமிருக்கும் சரக்குக்கு முன்பு வரவு எடுத்திருந்தால் அந்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் ஒன்று உண்டு, பலரும் அறியாமல் விடுவது இதைத்தான்.

விற்பனையாளர் கணக்கை மூடுவதற்கு முன்னால் தளத்திலிருந்து எல்லா வருட வரி அறிக்கைகளையும், கமிஷன் பில்களையும் இறக்கி ஒரு பென்டிரைவிலும் மெயிலிலும் போட்டு வையுங்கள். கணக்கு மூடிவிட்டால் உள்ளே போக முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை அவற்றை வைத்திருக்க வேண்டும்.